கசடு கொட்டிய நிலத்தைச் செடி வைத்து மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டிக் டேங்க் லாரி திறந்துவிட்டுப் போன கொல்லை, சுத்திகரிப்பு நிலையத்துக் கசடை "எரு" என்று நம்பி வாங்கிப் போட்ட தோட்டம், ஊர்ச் சாக்கடை கலக்கும் ஏரியின் வண்டலை அடித்த வயல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்படி நிலம் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. அளவுகள் எல்லாம் ஒரு ஏக்கருக்கு. மண் என்று சொல்வது இங்கே பரவலாக உள்ள செம்மண்ணை, அதாவது மணல் கலந்து, அரையடி ஒரு அடிக்குக் கீழே சரளையோ பாறையோ தட்டும் நிலத்தை.

செடி வைத்தால் நிலம் சுத்தமாகிவிடுமா?

கசட்டில் நான்கு வகைக் கேடு இருக்கிறது: நோய்க்கிருமியும் குடற்புழு முட்டையும், உப்பு, அளவுக்கு மீறிய தழைச்சத்து, கன உலோகம். முதல் மூன்றும் வெயில், மழை, வேர், காலம் ஆகியவற்றால் சில ஆண்டுகளில் அடங்கும். செடி அந்த வேலையை வேகப்படுத்தும். நான்காவது அப்படியில்லை. காட்மியமும் ஈயமும் மக்குவதில்லை, ஆவியாவதில்லை. செடி அவற்றை உறிஞ்சி எடுத்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் ஏமாற்றும் நம்பிக்கை. செடி செய்யக்கூடியது, உலோகத்தை இருந்த இடத்திலேயே கட்டிப்போடுவது: புழுதியாகப் பறக்காமல், மழையில் அடித்துக் கிணற்றுக்கும் ஏரிக்கும் போகாமல், சோற்றுத் தட்டுக்கு வராமல்.

இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணையில் 1942 முதல் 1961 வரை கசடு போட்ட வயலை 1980-களில் சோதித்தபோது, உலோகத்தின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருந்தது. கசடு போடுவதை நிறுத்தி இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த நிலை.

எங்கள் நிலத்தில் கொட்டியது எந்த வகைக் கசடு என்று எப்படித் தெரிந்துகொள்வது? அது அவ்வளவு முக்கியமா?

எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம். மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, வீட்டு செப்டிக் டேங்க் சேறு. கறுப்பாக, தண்ணீராக இருக்கும். முடி, பிளாஸ்டிக் உறை, நாப்கின் துண்டு கலந்திருக்கும். இதில் திடப்பொருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். 6,000 லிட்டர் லாரி ஒன்றில் 2 சதவீதம் என்றால் காய்ந்தபின் மிஞ்சுவது 120 கிலோ. இரண்டு மூன்று லோடால் ஒரு ஏக்கரில் உலோகம் பெரிதாக ஏறிவிடாது. இங்கே பயப்பட வேண்டியது கிருமியும் புழு முட்டையும்.

இரண்டாவது, நகரச் சுத்திகரிப்பு நிலையத்தில் பிழிந்தெடுத்த கசடு. ஈர மண் கட்டிபோல இருக்கும், நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு திடப்பொருள். பத்து டன் டிப்பர் ஒன்று சுமார் இரண்டேகால் டன் உலர் கசடு தரும். அதில் கிலோவுக்கு 1,500 மில்லிகிராம் துத்தநாகம் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு லோடு 3.4 கிலோ துத்தநாகம். ஏக்கர் முழுக்கப் பரப்பினால் மேல்மண்ணில் கிலோவுக்கு 4 மில்லிகிராம்கூட ஏறாது. அதையே பத்து சென்டில் குவித்தால் பத்து மடங்கு. ஆண்டுக்கு ஆண்டு போட்டுக்கொண்டே வந்தாலும் இந்தக் கணக்குத்தான் கூடிக்கொண்டே போகும்.

மூன்றாவது, தொழிற்சாலைக் கசடு. முலாம் பூசும் பட்டறைக் கசடு பச்சை, மஞ்சள், துருநிறம் என்று நிறம் காட்டும், மலவாடை இருக்காது, குரோமியமும் நிக்கலும் துத்தநாகமும் நிறைய இருக்கும். ஓசூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் இந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இது 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வரும் பொருள். செடி வைத்து மறைக்கும் சமாச்சாரம் இல்லை. கைவைக்காமல் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும் எழுத்தில் கொடுங்கள். லாரி எண் கிடைத்தால் அதையும் சேருங்கள்.

நேற்றிரவுதான் கொட்டியிருக்கிறார்கள். உடனே என்ன செய்வது?

உழாதீர்கள். நாற்றம் தாங்காமல் உடனே ஏர் கட்டுவதும் ரோட்டவேட்டர் விடுவதும்தான் பெரும்பாலோர் செய்வது. உழுதுவிட்டால் இரண்டு அங்குலத்தில் இருந்த கசடு அரையடி மண்ணோடு கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. வெயில் பட்டுச் சாக வேண்டிய புழு முட்டையும் நிழலில், ஈரத்தில் பத்திரமாக இருக்கும்.

தண்ணீர்ச் சேறாக இருந்தால் சரிவின் கீழ்ப்பக்கம் ஒன்றரை அடி உயரத்துக்கு மண் வரப்புப் போட்டு, ஓடாமல் நிறுத்துங்கள். கிணறு, வாய்க்கால் பக்கம் முதலில். இரண்டு மூன்று வாரத்தில் வெடித்துக் காய்ந்துவிடும். பிறகு அடியில் ஒட்டிய ஓரங்குல மண்ணோடு சேர்த்துச் சுரண்டி எடுங்கள். அப்போது மண்வெட்டியால் எடுக்கும் உலோகத்தை எந்தச் செடியும் முப்பது ஆண்டில் எடுக்காது. எடுத்ததைத் தார்ப்பாய் விரித்த மேட்டில் குவித்து, மேலேயும் மூடி வையுங்கள். கொட்டியவர்களையே திரும்ப ஏற்றச் சொல்லி உள்ளாட்சி வழியாக நெருக்குவது முறை.

சுண்ணாம்பு தூவினால் கிருமி சாகுமா என்று கேட்பார்கள். கசடு முழுக்க அமில கார நிலை 12-க்கு ஏறி இரண்டு மணி நேரமாவது நின்றால்தான் கிருமி கணிசமாகக் குறையும். ஒரு லாரிச் சேற்றுக்கு நீர்த்த சுண்ணாம்பு 25 கிலோ தேவை, அதுவும் குழியில் கலக்கினால். மேலே வெள்ளையாகத் தூவியது வாடையைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். குடற்புழு முட்டை அதற்கும் லேசில் அசையாது.

வேலை செய்பவர்களுக்கு முழங்கால் பூட்ஸ், ரப்பர் கையுறை கட்டாயம். காய்ந்த கட்டியை உடைக்கும்போது முகக்கவசம் வேண்டும். காலில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் இறங்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மண் மாதிரி எடுப்பது எப்படி? வேளாண்மைத் துறை மண் பரிசோதனை போதாதா?

வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்தும், அமில கார நிலையும், உப்பளவும், சில நுண்ணூட்டங்களும் கிடைக்கும். காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் கிடைக்காது. அதற்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். இரண்டையும் செய்யுங்கள். உப்பும் அமில கார நிலையும் தெரியாமல் உலோக எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எங்கே அனுப்புவது என்ற குழப்பம் இருந்தால் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம்.

எடுக்கும் முறையில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். கசடு விழுந்த இடம், விழாத இடம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் சராசரி வரும், உண்மை வராது. நிலத்தைக் காகிதத்தில் வரைந்து, குவியல் இருந்த இடம், வழிந்த இடம், படாத இடம் என்று பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து புள்ளியில் 'வி' வடிவக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சீவு. ஒரு புள்ளியிலாவது 15–30, 30–60 சென்டிமீட்டர் ஆழமும் தனித்தனியாக வேண்டும். நாகமுலாம் பூசிய கரண்டி, தகரச் சட்டி வேண்டாம், அதிலிருக்கும் துத்தநாகமே மாதிரியில் ஏறிவிடும். மரக்குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் போதும். நான்காகப் பகிர்ந்து எதிரெதிர்ப் பாகத்தைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தி, பைக்குள்ளும் வெளியிலும் சீட்டு வையுங்கள்.

பக்கத்தில், கசடே படாத அதே மண்ணிலிருந்தும் ஒரு மாதிரி எடுக்கத் தவறாதீர்கள். பாறையிலிருந்தே கொஞ்சம் குரோமியமும் நிக்கலும் வந்திருக்கும் மண் உண்டு. அந்த ஒப்பீடு இல்லாமல் எது கசடால் வந்தது என்று சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் மொத்த அளவு, டி.டி.பி.ஏ. கரைசலில் இறங்கும் அளவு என இரண்டும் கேளுங்கள். மொத்தம் எவ்வளவு கிடக்கிறது என்பது முதல் எண். அதில் செடிக்கு எட்டுவது எவ்வளவு என்பது இரண்டாவது. செடி வைத்துச் செய்யும் வேலையில் மாறப்போவது இரண்டாவதுதான்.

அறிக்கை வந்துவிட்டது. எந்த எண்ணிலிருந்து கவலைப்பட வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1986 கசடு விதி, நடுநிலையை ஒட்டிய விளைநிலத்துக்குக் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் வைத்த உச்ச வரம்புகள்: காட்மியம் 1–3, தாமிரம் 50–140, நிக்கல் 30–75, ஈயம் 50–300, துத்தநாகம் 150–300, பாதரசம் 1–1.5. இந்தியாவில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் அளவு சற்றுத் தளர்வானது: காட்மியம் 3–6, ஈயம் 250–500, துத்தநாகம் 300–600, தாமிரம் 135–270, நிக்கல் 75–150. நம் செம்மண் மணற்பாங்கானது, களியும் மக்கும் குறைவு, உலோகத்தைப் பிடித்துவைக்கும் சக்தியும் குறைவு. ஆகவே கடுமையான வரம்பைப் பின்பற்றுவதே நல்லது. கீழ் எண்ணுக்கும் கீழே என்றால் கிருமிக்கும் உப்புக்கும் மட்டும் காத்திருந்தால் போதும். இரண்டு எண்ணுக்கும் நடுவில் என்றால் உணவுப் பயிரைத் தேர்ந்தெடுத்துச் செய்யலாம். மேலே என்றால் மரமும் புல்லும்தான்.

உப்புக்கு: மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் பெரும்பாலான விதை முளைக்கத் திணறும். நிலத்திலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு கொட்டாங்கச்சியில் கசடு மண், இன்னொன்றில் நல்ல மண். இரண்டிலும் பத்துப் பத்துக் காராமணி ஊன்றி ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். நல்ல மண்ணில் ஒன்பது முளைத்து, கசடு மண்ணில் நாலு முளைத்தால், அல்லது முளைத்ததும் இலை நுனி கருகினால், ஒரு மழைக்காலம் போகட்டும்.

கடுகும் சூரியகாந்தியும் உலோகத்தை உறிஞ்சும் என்று படித்தோம். எத்தனை போகம் ஆகும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு ஏக்கரில் 15 சென்டிமீட்டர் மேல்மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. காட்மியம் வரம்பைவிடக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கூடுதல் என்றால் எடுக்க வேண்டியது 1.8 கிலோ. கடுகு ஒரு போகத்தில் இரண்டரை டன் உலர் தழை தருகிறது, அதில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் காட்மியம் ஏறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு போகத்தில் வெளியேறுவது 25 கிராம். 1,800-ஐ 25-ஆல் வகுத்தால் 72 போகம். ஆண்டுக்கு இரண்டு என்றால் 36 ஆண்டு.

ஈயத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கசக்கும். நூறு மில்லிகிராம் கூடுதல் என்றால் 90 கிலோ. ஈயம் வேரைவிட்டு மேலேறவே மறுக்கும். தழையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், மூன்று டன் தழை என்றாலும் போகத்துக்கு 60 கிராம். ஆயிரத்து ஐந்நூறு போகம்.

கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் காட்மியம் ஏற்றும் செடிகளும் உலகில் உண்டு. அவை ஐரோப்பியக் குளிர்மலையில் தரையோடு படர்ந்து வளரும் சிறு செடிகள், நம் வெயிலுக்கு நிற்காது. ஆர்சனிக்குக்கு மட்டும் ஒரு பெரணி வகை நன்றாக வேலை செய்கிறது, 2001-இல் கண்டறியப்பட்டது. ஆனால் அதற்கு ஈரம் வேண்டும்.

ஆகவே வரம்பைச் சற்றே தாண்டிய காட்மியத்தையும் துத்தநாகத்தையும் மெதுவாகக் குறைக்க நினைப்பவர்கள் மட்டும் கடுகு, சூரியகாந்தி போடுங்கள். பூ எடுத்தவுடன் அறுத்துவிட வேண்டும். விதை கட்ட விட்டால் கிளி கொத்திப் பரப்பும். கடுகு அஞ்சறைப் பெட்டிக்கும் போய்விடும். கேழ்வரகுக்குள் சாலுக்குச் சால் அவரையும் கடுகும் விதைக்கும் பழக்கம் உள்ள ஊர்களில் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

உலோகத்தைக் கவ்விக் கரைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை ஊற்றினால் செடி வேகமாக உறிஞ்சுமாமே?

உறிஞ்சும். அதைவிட வேகமாக உலோகம் கரைந்து கீழே போகும். அரையடிக்குக் கீழே சரளையும் வெடிப்புப் பாறையுமாக இருக்கும் நம் நிலத்தில் அது நேரே கிணற்றுக்குத்தான் வழி. செய்யாதீர்கள்.

நடுவதற்கு முன் மண்ணை எப்படித் தயார் செய்வது?

காட்மியம், துத்தநாகம், நிக்கல், ஈயம் எல்லாம் மண் புளித்தால் கரையும், நடுநிலைக்கு மேல் ஏறினால் அடங்கும். அமில கார நிலை 6.5-க்குக் கீழே இருந்தால் 6.8–7 வரை ஏற்றுங்கள். மணல் கலந்த செம்மண்ணை 6-லிருந்து அங்கே கொண்டுவர அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் ஏறக்குறைய 800 கிலோ முதல் ஒரு டன் பிடிக்கும். உங்கள் அறிக்கையின் சுண்ணாம்புத் தேவையே இறுதி எண். ஏற்கெனவே 7.5-க்கு மேல் என்றால் சுண்ணாம்பே வேண்டாம், இரும்புச்சத்துக் குறைந்து செடி வெளுக்கும். ஆர்சனிக்கும் ஆறு இணைதிற குரோமியமும் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) இதற்கு நேரெதிர், கார நிலத்தில்தான் நகரும். தொழிற்சாலைக் கசடு என்ற சந்தேகம் இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சுண்ணாம்பு போடக்கூடாது என்பது இதனால்தான்.

சீமைக் கருவேலங் கரியைத் தூளாக்கி ஏக்கருக்கு 2 முதல் 4 டன் மேல்மண்ணில் கலப்பது, உலோகத்தைப் பிடித்துவைக்கும். அந்த மரத்தை வெட்டிக் கரியாக்குங்கள். நட மட்டும் வேண்டாம், காய் தின்ற ஆடு விதையை ஊரெல்லாம் பரப்பும்.

டி.ஏ.பி., யூரியா தேவையே இல்லை. கசட்டிலேயே மணிச்சத்தும் தழைச்சத்தும் பல ஆண்டுக்கு இருக்கும்.

வெட்டிவேரை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்? எப்படி நடுவது?

அது சொல்லத்தக்க செடிதான். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே கீழிறங்கும், மண் இடம் கொடுத்தால் மூன்று மீட்டர்கூட. உப்பையும் புளிப்பையும் தாங்கும். காட்மியம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றை வேரிலேயே நிறுத்தி, தழைக்கு மிகக் குறைவாகவே விடும். துத்தநாகம் மட்டும் ஓரளவு மேலேறும். விதை கட்டாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

நிலத்தின் கீழ்ச்சரிவு வரப்புதான் முதல் இடம். ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 64 மீட்டர். 15 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று என்று ஒரு வரிசைக்கு 425. ஓரடி இடைவெளி விட்டு இரண்டு வரிசை, எதிரெதிர் இடுக்கு மாற்றி, மொத்தம் 850. பட்டுப்போவதற்கு நூறு கூடுதலாக வாங்குங்கள். நிலம் சரிவானால் நடுவிலும் சமமட்டக் கோட்டில் ஒரு வரிசை.

நாற்று என்பது இரண்டு மூன்று தூர் சேர்ந்த பிளவு. தழையை ஒரு சாண் விட்டு அரிந்து, வேரை நாலு விரல் விட்டு நறுக்கி நட வேண்டும். அரியாமல் நட்டால் இலை வழியாக ஈரம் போய், வேர் பிடிக்குமுன் சருகாகிவிடும். கடலூர்ப் பக்கமிருந்து வரவழைப்பவர்கள் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு நாளில் நட்டுவிட வேண்டும். ஆடிக் கடைசியிலிருந்து ஆவணிக்குள் நட்டால் புரட்டாசி, ஐப்பசி மழை வேரை இறக்கிவிடும். தை மாசியில் நடுவது வீண் செலவு.

முதல் மாதம் மழை இல்லாவிட்டால் மூன்று நாளுக்கு ஒரு தண்ணீர். முப்பதாம் நாள் பட்டுப்போன இடத்தில் மறுநடவு. ஒரு சாண் இடைவெளிகூட விடாதீர்கள், தண்ணீர் அந்த ஓட்டையில்தான் வரப்பை அறுக்கும். முதல் மூன்று மாதம் களை முக்கியம். கசட்டு நிலத்தில் பார்த்தீனியம் இடுப்பளவு வளரும், வெட்டிவேருக்கு நிழல் அறவே ஆகாது. நாலாம் மாதம் முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டால் தூர் கட்டும்.

இன்னொன்று, இதைத் தவறாமல் வீட்டில் சொல்ல வேண்டும். இந்த நிலத்து வேரைப் பானைத் தண்ணீரில் போடுவதற்கோ, எண்ணெய் காய்ச்சவோ, விற்கவோ எடுக்கக் கூடாது. உலோகத்தின் பெரும்பகுதி அந்த வேரில்தான் இருக்கும்.

வரப்புக்குள் என்ன மரம்?

புங்கன் நல்ல தேர்வு: இங்கேயே விளைவது, வறட்சி தாங்கும், ஆடு மாடு அதிகம் விரும்பாது, விதை உணவுக்கு இல்லை. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் என்றால் 450 கன்று, ஒன்றரை அடிக் குழி. தடிக்கு மலைவேம்பு, கம்புக்குச் சவுக்கு. மலைவேம்பின் தழையை ஆடு விரும்பித் தின்னும், வேலி இல்லாமல் வைக்க வேண்டாம். மரம் நிழல் கட்டும்வரை இரண்டு மூன்று ஆண்டு நடுவே தரை வெறுமனே கிடக்கக் கூடாது. கொழுக்கட்டைப் புல் விதைத்துவிடுங்கள், புழுதி அடங்கும். சாக்கடை ஊறித் தண்ணீர் நிற்கும் பள்ளம் இருந்தால் அங்கே கல்வாழையும் சம்பும்.

ஆமணக்கும் வரும். தழை மண்ணிலேயே விழும். எண்ணெய் விளக்குக்கும் ஆலைக்கும் போகலாம். பிண்ணாக்கை எருவாக வேறு நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வேலிக்குக் கிளுவைதான். மூன்றடி நாலடி நீளக் கிளைப் போத்தை அரையடி ஆழத்தில் நெருக்கமாக ஊன்றினால் போதும். வேலி போடாமல் தொடங்கிய வேலை இந்த ஊர்களில் முதல் கோடையைத் தாண்டுவதில்லை, பட்டி ஆடு ஒரே நாளில் முடித்துவிடும்.

பூச்செடி வைக்கலாமா? மல்பெரி?

உப்பு தணிந்தபின் செண்டுமல்லி, ரோஜா, சாமந்தி வைக்கலாம், நல்ல இடைக்கால வருமானம். செண்டுமல்லி காட்மியத்தைக் கொஞ்சம் பூவரைக்கும் ஏற்றும். மாலைக்கு மட்டும் விற்பது பாதுகாப்பு. கோழித் தீவனத்துக்கு நிறமெடுக்கும் ஆலைக்குக் கொடுக்காதீர்கள். வாடிய பூவையும் பறித்து முடிந்த செடியையும் மாட்டுக்குப் போடும் வழக்கத்தை விடுங்கள்.

மல்பெரி வேண்டாம். இலையில் ஏறும் உலோகம் பட்டுப்புழுவின் வளர்ச்சியையும் கூட்டையும் பாதிக்கும்.

கொட்டிய இடத்தில் தக்காளிச் செடி தானாகவே முளைத்துக் காய்த்திருக்கிறது. பறிக்கலாமா?

வேண்டாம். தக்காளி விதை மனிதக் குடலைக் கடந்தும், செப்டிக் டேங்கில் ஊறியும் சாகாது. கசடு காய்ந்து வெடித்த இடுக்கிலெல்லாம் கொத்துக்கொத்தாக முளைத்து நிற்கும், தழைச்சத்து மிகுதியால் கரும்பச்சையாக, பார்க்கச் செழிப்பாக. பழத்தில் உலோகம் அதிகம் ஏறாது என்பது உண்மை. ஆனால் தரையில் படர்ந்த காயில் மழைத்துளி தெறித்த சேறு ஒட்டியிருக்கும், புழு முட்டையும் அதில்தான். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் நல்ல தக்காளியோடு இது கூடையில் கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. காய்க்குமுன்பே பிடுங்கிவிடுங்கள்.

மாந்தோப்பில் பாத்தி பாத்தியாகக் கசடு போட்டுவிட்டோம். மரத்தை வெட்ட வேண்டுமா?

தேவையில்லை. ஆழ வேர் மரம், பழத்துக்கு உலோகம் மிகக் குறைவாகவே ஏறும். பாத்தியில் காய்ந்து கிடப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சருகு மூடாக்குப் போடுங்கள். உதிர்ந்த காயைப் பொறுக்கி ஊறுகாய்க்கும் மாங்கூழ் ஆலைக்கும் அனுப்பாதீர்கள். பறித்த காய் தரையில் படாமல் கூடைக்குப் போகட்டும். தழைச்சத்து மிகுந்ததால் ஓரிரு ஆண்டு கொழுந்து விடுவதும் பூ குறைவதும் இருக்கும், அதற்கு மருந்து அடிக்க வேண்டாம்.

மாட்டுக்குப் புல் அறுக்கலாமா?

கூடாது. இரண்டு காரணம். மேயும் மாடு புல்லோடு மண்ணையும் தின்கிறது, உலோகம் செடி வழியாக வருவதைவிட மண் வழியாகவே அதிகம் போகும். அடுத்தது, தழைச்சத்து மிகுந்த நிலத்துச் சோளத் தட்டையிலும் நேப்பியரிலும் நைட்ரேட் சேரும். வறட்சியில் வாடி நிற்கும்போது அறுத்துப் போட்டால் மாடு மூச்சுத் திணறிச் சில மணி நேரத்தில் செத்துப்போகும்.

கிணற்றுத் தண்ணீரை என்ன பார்ப்பது?

இந்திய குடிநீர்த் தர நிர்ணயப்படி லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராம், காட்மியம் 0.003, ஈயம் 0.01, குரோமியம் 0.05, நிக்கல் 0.02. ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முதலில் ஏறிக் காட்டுவது நைட்ரேட்டும் ஈ.கோலையும்தான். மழைக்கு முன் ஒன்று, கார்த்திகையில் ஒன்று எடுங்கள். புளோரைடு அதிகமாக வந்தால் கசட்டின் மீது பழி போட வேண்டாம், தருமபுரிப் பகுதியில் அது பாறையிலிருந்தே வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

ஏரி வண்டல், கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் பாயும் வயல்?

ஊர்ச் சாக்கடை கலக்கும் ஏரியின் வண்டலும் கசடுதான், பெயர்தான் வேறு. எடுப்பதற்கு முன் சாக்கடை விழும் வாயிலும் மதகு ஓரத்திலும் ஒவ்வொரு மாதிரி பாருங்கள், உலோகம் பெரும்பாலும் வாயருகே படியும். கெலவரப்பள்ளிக்கு வரும் தென்பெண்ணையில் பெங்களூரு பக்கக் கழிவு கலந்து நுரை பொங்கி வரும் நாட்களில் மடை திறக்காமல் இருக்க முடிந்தால் இருங்கள். பாய்ச்சியே ஆகவேண்டிய வயலில் வாய்க்கால் தலைப்பில் ஒரு சிறு குட்டை வெட்டி, சம்பு வைத்து, ஒரு நாள் தங்கிய தண்ணீரை மேலிருந்து விடுங்கள். உலோகத்தில் பெரும்பகுதி மிதக்கும் மண்துகளோடு ஒட்டி வருவது, குட்டையில் இறங்கிவிடும். குட்டைச் சேற்றை வயலில் வாரிப் போடக் கூடாது.

அறுத்த தழையை எங்கே போடுவது?

மக்க வைத்து வேறு வயலுக்குப் போடவே கூடாது. வெட்டிவேர்த் தழையை அங்கேயே மூடாக்காக விடலாம். தடி, கம்பு நிலத்தைவிட்டு வெளியே போகலாம், உலோகம் மரத்துக்குள் முடங்கியிருக்கும். உலோகம் உறிஞ்ச வைத்த கடுகு, சூரியகாந்தித் தழையை எரித்தால் காட்மியம் புகையிலும் சாம்பலிலும் சேரும். உலர்த்தி, எடையும் அளவும் குறித்து, ஆய்வகத்தில் ஒரு மாதிரி பார்த்தபின்தான் முடிவு. அதிகம் என்றால் அது அபாயகரக் கழிவோடு போக வேண்டியது. இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உறிஞ்சும் முறையின் உண்மை விலை தெரியும்.

எப்போது மறுபடி உணவுப் பயிர் செய்யலாம்?

கிருமிக்கு அமெரிக்காவின் 1993 கசடு விதி தரும் காத்திருப்பு நல்ல அளவுகோல். மண்ணைத் தொடும் காய்க்கு 14 மாதம். மண்ணுக்குள் விளைவதற்கு, கசடு நாலு மாதமாவது மேலே காய்ந்து கிடந்து பிறகு உழுதிருந்தால் 20 மாதம், அதற்குமுன் உழுதுவிட்டால் 38 மாதம். முதல் நாளே உழாதீர்கள் என்று சொன்னதன் விலை இந்தப் பதினெட்டு மாதம்.

உலோகம் வரம்புக்குள் இருந்தால் மரக்காய்களும் தானியமும் முதலில். நிலக்கடலை, முள்ளங்கி அதற்குப் பிறகு. நிலக்கடலைப் பருப்பில் காட்மியம் சேரும் குணம் உண்டு. கீரை எல்லாவற்றுக்கும் கடைசி, உலோகம் அதிகம் ஏறுவது இலையில்தான். முழு ஏக்கரும் வேண்டாம், ஐந்து சென்டில் கேழ்வரகு விதைத்து, விளைச்சலையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மண் அறிக்கையைவிட அந்தக் கேழ்வரகு மணி சொல்வதுதான் நம்பத்தக்கது. கசட்டின் மக்கு கரைந்துபோன மூன்றாம், நான்காம் ஆண்டில் டி.டி.பி.ஏ. எண் திரும்ப ஏறக்கூடும். அந்த ஆண்டுகளில் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே புள்ளி, அதே மாதம்.

செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. சணப்பு விதைத்து 45-ஆம் நாள், ஈரம் இருக்கும்போது ஐந்தாறு செடியை வேர் அறாமல் மண்வெட்டியால் நெம்பி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். முடிச்சே இல்லையென்றாலும், உள்ளே வெளிறியோ பச்சையாகவோ இருந்தாலும், தழைச்சத்து இன்னும் மிகுதியாக இருக்கலாம், அல்லது உலோகம் வேர்முடிச்சு நுண்ணுயிரை அடித்திருக்கலாம். வோபர்ன் வயலில் தீவனப்பயிரின் முடிச்சில்தான் அந்தப் பாதிப்பு முதலில் தெரிந்தது. பக்கத்து நல்ல நிலத்துச் சணப்பையும் அதே நாளில் பிடுங்கி, இரண்டையும் ஒரே துணியில் பரப்பி ஒப்பிடுங்கள்.